ஸ்விட்சை எங்கே வைப்பது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. பேச்சும் கை கால் அசைவும் பெரிதும் பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு எந்த உதவிக்கருவி பொருந்தும் என்று பார்க்க மதிப்பீடு செய்கிறார்களே, அதைப் பற்றி. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'டாக்டர் அம்மா' என்று எழுதியிருப்பவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடக் காரியங்களைச் செய்ய வழி தேடித் தருபவள். மருந்து மாத்திரை பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. நாற்காலி, ஸ்விட்ச் (ஏதாவது ஓர் அசைவால் அழுத்திக் கருவியை இயக்கும் பொத்தான்), படப்பலகை (படத்தைத் தொட்டோ பார்த்தோ பேச உதவும் பலகை) என்று கேளுங்கள், விடிய விடியப் பேசுவேன்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. பெருமூளை வாதம். பேச்சு இல்லை, கழுத்து சரியாக நிற்காது, கைகள் அவள் சொன்னபடி கேட்காது. கருவி மதிப்பீட்டுக்கு அழைத்துப் போனோம். டேப்லெட்டை முன்னால் வைத்து "பந்தைத் தொடு, நாயைத் தொடு" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் தொடவில்லை, கையால் தள்ளிவிட்டாள், பிறகு அழுதாள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "கருவி பயன்படுத்தும் நிலைக்கு இன்னும் வரவில்லை. காரண-விளைவு புரிந்த பிறகு வரவும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அவளுக்கு எல்லாம் புரிகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தாய் என்பதால் ஆசைப்பட்டு அப்படி நினைக்கிறேனா?
— ஒரு தாய்

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு மணி நேரம் அவள் எதில் உட்கார்ந்திருந்தாள்? உங்கள் மடியிலா, அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியிலா, அவளுடைய வீல்சேரிலா? பாதங்கள் எதன்மேலாவது ஊன்றியிருந்தனவா, தொங்கிக்கொண்டிருந்தனவா? இடுப்பு முன்னால் வழுக்கி வரும் நாற்காலியில், கால் ஊன்றாமல், தலை சாயச் சாய உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உடம்பில் இருக்கும் பலமெல்லாம் விழாமல் இருப்பதற்கே போய்விடும். அந்த நிலையில் "நாயைத் தொடு" என்பது வழுக்குப் பாறையில் நிற்பவரிடம் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வது மாதிரி. மதிப்பீட்டுக்குப் போகும்போது என் பையில் கருவிகளைவிடச் சுருட்டிய துண்டுகளும் வெல்க்ரோ பட்டைகளும் ஸ்பாஞ்ச் துண்டுகளும்தான் அதிகம் இருக்கும். இடுப்பை நிலைநிறுத்தி, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் அணை கொடுத்த பிறகுதான் ஸ்விட்சை வெளியே எடுப்பேன். சில பிள்ளைகளுக்கு முதல் நாள் முழுவதும் இதற்கே போய்விடும். போகட்டும்.

அடுத்தது, "கையால் தள்ளிவிட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். பச்சைக் குழந்தைகளிடம் ஓர் அனிச்சை அசைவு உண்டு: தலையை வலப்பக்கம் திருப்பினால் வலக்கை தானாக விறைத்து நீளும், இடக்கை மடங்கும். சில மாதங்களில் அது மறைந்துவிட வேண்டும். பெருமூளை வாதம் உள்ள பலருக்கு மறைவதில்லை. இப்போது டேப்லெட்டைச் சற்று வலப்பக்கமாக வைத்து "நாயைத் தொடு" என்கிறார்கள். பிள்ளை படத்தைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறாள். திருப்பியதுமே கை அவளைக் கேட்காமல் விறைத்து நீண்டு டேப்லெட்டை இடிக்கிறது. எதிரே இருப்பவர் "தள்ளிவிடுகிறாள், ஆர்வமில்லை" என்று குறித்துக்கொள்கிறார். அவள் பார்த்ததும் உண்மை, தொட முயன்றதும் உண்மையாக இருக்கலாம். எந்தப் பக்கமும் தலையைத் திருப்ப வேண்டாத நடு இடத்தில் படத்தை வைத்து, கையை விட்டுவிட்டுத் தலையின் ஓரத்திலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ ஒரு ஸ்விட்சை வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் எங்களுக்கு நீங்கள் வேண்டும். அவள் வேண்டுமென்றே செய்யும் ஓர் அசைவு எது? சலித்துப் போனால் தலையைப் பின்னால் தள்ளுவாளா? அப்பா குரல் கேட்டால் இடது கால் உதைக்குமா? எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, அவள் நினைத்தபோது வரவேண்டும், வந்த பிறகு உடம்பு தளரவும் வேண்டும். அழுத்திவிட்டு விடமுடியாமல் விறைத்துப் போனால் அந்த இடம் ஆகாது. படபடவென்று சத்தம் போடும் ஸ்விட்சும் சில பிள்ளைகளுக்கு ஆகாது, ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும்.

காத்திருக்கும் நேரத்தையும் கேட்டுப் பாருங்கள். "நாயைத் தொடு" என்று சொல்லிவிட்டு மூச்சு விடுவதற்குள் மறுபடியும் "தொடு, தொடு கண்ணு" என்பார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நான் ஒருமுறை சொல்லிவிட்டு மனதுக்குள் 20 வரை எண்ணுவேன். கூட இருக்கும் பெற்றோருக்குத்தான் அந்த மௌனம் தாங்காது, உள்ளே புகுந்து உதவி செய்யப் பார்ப்பார்கள். தடுத்துவிடுவேன்.

"காரண-விளைவு புரிந்த பிறகு வரவும்", அதாவது அழுத்தினால் ஏதோ நடக்கும் என்று தெரிந்த பிறகு வரவும் என்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் இந்த வயதுக்கான அறிவு வந்தால்தான், இத்தனை படம் அடையாளம் கண்டால்தான் கருவி என்று படிக்கட்டு கட்டி வைத்திருந்தார்கள். துறையில் இருப்பவர்கள் அதைக் கைவிட்டு எத்தனையோ காலமாகிறது. கருவி கையில் இல்லாமல் எதை வைத்து அவள் புரிதலைக் காட்டுவாள்? ஆன் டொனெல்லன் என்ற சிறப்புக் கல்வி அறிஞர் 1984இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். உறுதியான தகவல் இல்லாதபோது, தவறாகப் போனாலும் பிள்ளைக்கு மிகக் குறைந்த தீங்கு தரும் ஊகம் எதுவோ அதை வைத்தே முடிவெடுங்கள் என்றார். உங்கள் மகளுக்குப் புரிகிறது என்று நம்பிக் கருவி கொடுத்து, புரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம், கொஞ்சம் உழைப்பு வீண். புரியாது என்று நம்பிக் கொடுக்காமல் விட்டு, அவளுக்குப் புரிந்திருந்தால்?

கடைசியாக, ஆசைப்பட்டு நினைக்கிறேனா என்றீர்கள். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள், இதை மட்டும் எழுதுங்கள். "அவளுக்குக் கோபம் வந்தது" என்று எழுதாதீர்கள், "தலையை இடப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்" என்று எழுதுங்கள். முடிந்தால் போனில் வீடியோ. அதே நேரத்தில் அதே மாதிரி வேறொருவரிடமும் செய்கிறாளா என்று பாருங்கள். செய்தால் அது உங்கள் ஆசை இல்லை. அந்த நோட்டோடு இன்னொரு மதிப்பீடு கேளுங்கள். முன்னதாகவே கண், காது பரிசோதனையை முடித்துக்கொண்டு போங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையை "கட்டளை புரியவில்லை" என்று எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கருவியில் பேசப் பழகிவிட்டால் வாயால் பேச வராமலே போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு தந்தை

பதில்: போகாது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் இதைப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூவர் வெளியிட்டார்கள். நம்பகமாக அளந்திருந்த 27 பேரில் 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கூடியிருந்தது, 11 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடியது கொஞ்சம்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பேச்சு வரும் என்ற வாக்குறுதியாகக் கருவியை வாங்காதீர்கள். இப்போதே சொல்ல ஒரு வழி வேண்டும் என்பதற்காக வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வகுப்பு மாணவிக்குக் கண்ணால் இயக்கும் கணினி வந்திருக்கிறது. விற்பனையாளர் செய்து காட்டியபோது எல்லாரும் அசந்துபோனோம். ஆனால் அவள் ஐந்து நிமிடம் பார்க்கிறாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறாள். சில நாள், அவள் பார்வையைக் கருவிக்குப் பழக்க முதலில் எடுக்கும் அளவீடே பதிவாக மாட்டேன் என்கிறது. தவறான கருவியா?
— சிறப்பாசிரியை ஒருவர்

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தூக்கி வைப்பதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். இந்தக் கருவி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் அடித்து, கருவிழியில் அது பட்டுத் திரும்பும் புள்ளியைக் கேமராவில் பிடித்து, பார்வை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி உண்டு. நீங்களே ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவளை வேறு பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியின் பளபளப்பு, பாதி மூடிய இமை, தானாக ஆடும் கண் எல்லாமே அளவீட்டைக் கெடுக்கும். திரை அவள் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். அவள் சாய்ந்திருந்தால் திரையும் சாயட்டும்.

இரண்டாவது, கண் நன்றாக இருந்தும் மூளை பார்வையைக் கையாளத் திணறும் நிலை ஒன்று உண்டு. கடுமையான பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளில் இது சாதாரணம், கண் மருத்துவரின் சோதனையில் தப்பிவிடவும் செய்யும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு 24 படம் நிறைந்த திரை வெறும் இரைச்சல். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு மஞ்சளோ சிவப்போ, சற்று அசைந்தால் இன்னும் நல்லது. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வதும் இவர்களின் வழக்கம்தான், அதை மறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். இதைத் தெரிந்த பார்வை நிபுணர் ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எத்தனை நேரம் உற்றுப் பார்த்தால் தேர்வாகும் என்ற அமைப்பு. அது குறைவாக இருந்தால் அவள் பார்த்ததெல்லாம் பேசும், கூடுதலாக இருந்தால் களைத்துப்போவாள். பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும்.

இவ்வளவும் செய்யும்போதே, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பலகை ஒன்றில் நான்கு மூலைகளில் நான்கு படம் ஒட்டி, அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் பிடியுங்கள். பலகை வழியாக அவள் கண்ணை நேராகப் பார்க்கலாம். எந்த மூலைக்குப் போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, களைப்பு எப்போது வருகிறது எல்லாம் தெரியும். வெயிலுக்குப் பயமில்லை, சார்ஜ் போட வேண்டாம். கண்ணால் தேர்ந்தெடுக்க அவளால் முடியுமா என்பதை விலையுயர்ந்த கருவி வருவதற்கு முன்பே இதில் பார்த்திருக்கலாம். விற்பனையாளர் செய்து காட்டுவதை மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எரிச்சல் மூட்டும் ஒன்று. அவருடைய கழுத்து நிற்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது.

கண் கருவிதான் உச்சம் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டீபன் ஹாக்கிங் முதலில் கை ஸ்விட்சில் பேசினார். கை போன பிறகு, மூக்குக் கண்ணாடியில் பொருத்திய ஒரு சென்சார் அவருடைய கன்னத் தசையின் அசைவைப் படித்தது. கண் கருவியும் முயன்றார்கள். இமை தாழ்ந்திருந்ததால் ஒத்துவரவில்லை. உலகின் சிறந்த பொறியாளர்கள் பக்கத்தில் இருந்தும் கடைசிவரை கன்னத்தசைதான்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, ஆட்டிசம், பேச்சு இல்லை. ஒரு பயிற்சியாளர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் எழுத்துப் பலகையில் முழு வாக்கியங்கள் எழுதுகிறான். எங்கள்மேல் எவ்வளவு பாசம் என்றுகூட எழுதினான். நான் பிடித்தால் ஒன்றும் வருவதில்லை. பள்ளியில் மதிப்பீடு செய்பவர் இதை ஏற்க மறுக்கிறார். அவரிடம் எப்படி வாதாடுவது?
— பெயர் வேண்டாம்

பதில்: வாதாடாதீர்கள், ஐயா. அவர் சரியாகத்தான் செய்கிறார். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, அந்தப் பாசக் கடிதத்தை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள் என்று தெரியும். ஆனால் 1990களிலேயே இதை நன்றாகச் சோதித்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கையைப் பிடிப்பவருக்கு வேறு படம் காட்டி, பார்த்ததை எழுதச் சொன்னார்கள். வந்த விடை பிடிப்பவர் பார்த்த படம். அவர்கள் ஏமாற்றுக்காரர்களும் இல்லை, தங்கள் கை இழுப்பது அவர்களுக்கே தெரியாது. அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் நிபுணர்களின் சங்கம் 2018இல் இம்முறையைப் பயன்படுத்தக் கூடாது என்றே அறிவித்தது. இதனால் வரும் பெரிய சேதம், பையன் உண்மையில் சொல்ல வருவதை யாரும் பார்ப்பதில்லை.

அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. யாரும் தொடாமல் அவனாகவே காட்டக்கூடிய வழியைத் தேடச் சொல்கிறேன். கை நடுங்கினால் முழங்கைக்கு அணை வைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு எழுத்தில் விரல் விழுந்தால், எழுத்துக்கு ஒரு துளை போட்ட தகட்டை விசைப்பலகைமேல் பொருத்தலாம். பலகையை யாரும் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நாள் முழுவதும் வாக்கியம் வராமல் 'போதும்' என்று ஒரே ஒரு படத்தை அவனாகத் தொட்டாலும், அது அவன் சொன்னது.

கேள்வி: எந்த ஆப் நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— அவசரக்காரன்

பதில்: பிள்ளையைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

சரி, இரண்டாவது வரியும் தருகிறேன். வீட்டில் பேசும் மொழியில் குரல் இருக்கிறதா, இணையம் இல்லாமல் வேலை செய்யுமா, புதுச் சொல்லை நீங்களே சேர்க்க முடியுமா, வாங்குமுன் சில வாரம் வீட்டிலும் வகுப்பிலும் வைத்துப் பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 15 வயது. பள்ளியில் மதிப்பீடு செய்து பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். இரண்டு மாதம் பயன்படுத்தினான். இப்போது அலமாரியில் கிடக்கிறது. எடுத்து முன்னால் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சோம்பேறித்தனமா, கருவியே பிடிக்கவில்லையா?
— ஒரு பாட்டி

பதில்: அம்மா, அந்தக் கருவியை எடுத்து, அதில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன்: தண்ணீர், பசி, டாய்லெட், வலி, அம்மா, டி.வி., நன்றி. சரிதானே? இதில் ஏதாவது ஒன்றைச் சொல்ல அவனுக்குக் கருவி வேண்டுமா? தண்ணீர் வேண்டும் என்றால் நீங்கள் அவன் முகத்தைப் பார்த்தே கொடுத்துவிடுவீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்ல அவன் ஏன் மெனக்கெட வேண்டும்?

15 வயதுப் பையனுக்கு வேறு சொற்கள் வேண்டும். 'சும்மா இரு', 'போரடிக்குது', 'நான் அப்படிச் சொல்லல', 'அவன் பொய் சொல்றான்', 'கதவைச் சாத்திட்டுப் போ'. ஒன்றிரண்டு கெட்ட வார்த்தைகளும்தான். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது, ஆனால் அவன் வகுப்பில் மற்ற பையன்களெல்லாம் பேசுவதுதானே. ஒரு மாணவனின் கருவியில் அவனுக்குப் பிடித்த விளையாட்டு வீரரைக் கிண்டல் செய்பவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வாக்கியத்தைப் பதிந்து கொடுத்தேன். அன்று மாலைக்குள் வகுப்பு முழுக்க அவனோடு சண்டை. அவனுடைய ஆசிரியை என்னிடம் புகார் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னொன்றும் பாருங்கள், அதில் இருக்கும் குரல் யாருடையது? 15 வயதுப் பையனின் கருவி சின்னப் பெண்ணின் குரலில் பேசினால் முகத்தைத் திருப்பத்தான் செய்வான்.

கருவிகள் அலமாரிக்குப் போவது உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 1993இல் பிலிப்ஸ், ஜாவோ இருவரும் மாற்றுத்திறனாளிகள் 227 பேரிடம் கேட்டார்கள். வாங்கிய கருவிகளில் 29.3 சதவீதம் அடியோடு கைவிடப்பட்டிருந்தன. காரணங்களில் ஒன்று, தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்தப்போகிறவரின் கருத்தைக் கேட்காதது. அவர்கள் கேட்டது பெரியவர்களிடம். வாய் திறந்து மறுக்க முடியாத பிள்ளைகளிடம் நிலைமை எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜாய் ஜபாலா என்ற அமெரிக்கப் பெண்மணி இதற்காகவே ஒரு முறையை வகுத்தார், உலகம் முழுக்கப் பயன்படுகிறது. முதலில் மாணவர், அடுத்து அவர் இருக்கும் இடங்களும் சுற்றியுள்ள மனிதர்களும், அடுத்து அங்கே அவர் செய்ய வேண்டிய வேலைகள், கடைசியில்தான் கருவி. உங்கள் பேரன் விஷயத்தில் நடுவில் உள்ள இரண்டையும் தாண்டிக் குதித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இடைவேளையில் அவன் யாரோடு இருக்கிறான்? அங்கே அந்தக் கருவி வீல்சேரில் மாட்டியிருக்கிறதா, பையில் இருக்கிறதா? வேறு யாராவது அந்தக் கருவியைத் தொட்டு அவனிடம் பேசியிருக்கிறார்களா? இது முக்கியம். பேசும் பிள்ளை வாயால் பேசுவோரை மாதக்கணக்கில் கேட்ட பிறகே பேசுகிறது. இவன் மட்டும் யாரும் பயன்படுத்திக் காட்டாத ஒன்றைத் தானாகப் பயன்படுத்த வேண்டுமா? நாளைக்கு நீங்களே 'நான்', 'சோர்வு' என்று இரண்டு படம் தொட்டு அவனிடம் பேசிப் பாருங்கள். பதில் கேட்காதீர்கள். சும்மா பேசுங்கள். தப்பாகத் தொட்டுத் தடுமாறினால் இன்னும் நல்லது, சிரிப்பான்.

கேள்வி: எங்கள் மாணவனுக்குப் பார்வை மிகக் குறைவு, காதும் சரியாகக் கேட்காது, நடமாட்டமும் இல்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் பாதிக் கட்டங்களுக்கு மேல் 'பொருந்தாது' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.
— உதவி ஆசிரியர்

பதில்: படிவத்தை ஓரமாக வையுங்கள். படிவம் படத்துக்கும் ஒலிக்கும் போட்டது, உங்கள் மாணவனுக்குத் தோல் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. குளியலுக்கு முன் அவனுடைய துண்டின் ஓரத்தைக் கையில் வையுங்கள், வண்டியில் ஏறுமுன் சீட் பெல்ட்டின் பக்கிள், சாப்பாட்டுக்கு முன் அவன் கரண்டி. தினமும் அதே பொருள், அதே கையில், அதே நேரத்தில். பொருளின் சிறிய உருவ பொம்மையைத் தராதீர்கள், தொட்டுப் பார்ப்பவனுக்குப் பிளாஸ்டிக் பஸ்ஸும் நிஜப் பஸ்ஸும் ஒன்றாகத் தெரியாது. சில வாரம் போன பிறகு துண்டைக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே தாமதியுங்கள். மூச்சு மாறுகிறதா, வாய் அசைவு நிற்கிறதா, கை துண்டை இறுக்குகிறதா? அதை எழுதுங்கள். அதுவும் உதவிக்கருவி மதிப்பீடுதான், பேட்டரி இல்லாதது.

கேள்வி: மதிப்பீட்டு அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும்?
— ஒரு தந்தை

பதில்: கருவியின் பெயர் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எப்படி உட்காரவைத்தார்கள், ஸ்விட்ச் உடம்பில் எங்கே, திரை எவ்வளவு தூரத்தில், எத்தனை படம், எத்தனை நேரம் காத்திருந்தார்கள் என்று இருக்க வேண்டும், கூடவே ஒரு புகைப்படம். ஆசிரியர் மாறினாலும் அதைப் பார்த்து அப்படியே பொருத்த வேண்டும். முயன்று ஒத்துவராமல் போனவை என்னென்ன, ஏன் என்றும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதையே மறுபடி முயல்வார். யார் சொல் சேர்ப்பது, யார் சார்ஜ் போடுவது என்று ஆள் பெயர் இருக்க வேண்டும். கருவி கெட்டுப்போகும் நாளுக்குத் தாளில் அச்சிட்ட அதே படப்பலகையும் கேளுங்கள்.

ஆண்டுக் கணக்கு பார்க்க வேண்டாம். பிள்ளை வளர்ந்து வீல்சேர் மாறினால் ஸ்விட்சின் இடமும் மாறும். இடுப்பிலோ முதுகிலோ அறுவைச் சிகிச்சை நடந்தால், வலிப்பு மருந்து மாறி மந்தமானால், வேறு வகுப்புக்குப் போனால், கருவியைத் தொடுவது திடீரென்று குறைந்தால் உடனே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முழு மதிப்பீடு தேவைப்படாது. ஸ்விட்சை இரண்டு விரல்கடை நகர்த்தினால் போதுமானதாக இருக்கும்.